தங்கால் மலைத் தொன்மமும் ஊர்ப்பெயரும்

மலைக்கும் பாறைக்கும் கதை வழங்காத ஊர் தமிழகத்தில் அரிது. அக்கதைகளை வரலாறென்று கொள்வாரும் உளர். பொய்யென்று தள்ளுவாரும் உளர். அக்கதை கல்லைக் கண்டு பிறந்ததா, சொல்லைக் கேட்டுப் பிறந்ததா என்னும் வினாவை இரு திறத்தாரும் எழுப்புவதில்லை. சிவகாசியை அடுத்த திருத்தங்கல் இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற ஊராகும்.

நின்ற நாராயணப் பெருமாள் கோயில் கொண்ட இவ்வூர்க் குன்றிற்கு வழங்கும் கதை வருமாறு: ஆதிசேடனுக்கும் ஆலமரத்திற்கும் தம்முள் யார் பெரியர் என்னும் பூசல் எழுந்தது. நான்முகன் ஆதிசேடனே பெரியன் எனத் தீர்ப்பளித்தான். வருந்திய ஆல் திருமாலை வேண்டிற்று. திருமால் அதனை இங்கு மலையாக நிற்கப் பணித்துத் தாமும் அதன்மேல் நின்றருளினார். திருமகள் இங்குத் தங்கித் தவம் இயற்றியமையின் ஊர் திருத்தங்கல் ஆயிற்று என்பது மற்றொரு கதை.

இரு கதைகளும் வெவ்வேறு நிகழ்ச்சிகளைக் கூறினும் அவை செய்யும் தொழில் ஒன்றே. முன்னது ஊர்ப்பெயரைத் 'தங்கு ஆல்' என்றும், பின்னது 'திரு தங்கல்' என்றும் பிரித்துப் பொருள் கூறுகின்றன. குன்றின் உருவைப் பற்றி இரண்டிலும் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே இவை கல்லின் கதைகள் அல்ல. சொல்லின் கதைகள் என்க.

அச்சொல்லின் பழைய வடிவம் யாது? தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், தங்கால் முடக்கொல்லனார் முதலிய சங்கப் புலவர் பெயர்களில் 'தங்கால்' என்பது காணப்படுகின்றது. வைணவ மரபு இவ்வூரைத் 'திருத்தண்கால்' என வழங்கும். தண்கால் என்பதே மூலமாயின், ணகரம் ககரத்தின் முன் பேச்சில் ஙகரமாதல் இயல்பு. அன்றி, தங்கால் என்பதே மூலமெனவும், தண்கால் என்பது பிற்காலத்தார் பொருள் நோக்கித் திருத்திக்கொண்ட வடிவமெனவும் ஒருவர் கூறலாம். அத்தடையை விலக்கச் சொல் மட்டும் போதாது. நிலத்தையும் நோக்குதல் வேண்டும். கால் என்பது நீர்க்காலையும் குறிக்கும். காரைக்கால், மணக்கால் முதலிய ஊர்ப்பெயர்களின் ஈற்றிலும் அச்சொல்லைக் காண்கிறோம். அருச்சுனை ஆறு இப்பகுதி வழியே ஓடுகின்றது. சிலப்பதிகாரமோ தங்காலை நீர் மிக்க கழனிகளை உடைய ஊராகவே காட்டுகின்றது.

கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கும் வரலாறு தங்காலில் நிகழ்கின்றது. பராசரன் என்பான் வார்த்திகனின் மகனுக்கு அணிகலன்களை ஈந்தான். அரசு அலுவலர் அவற்றைப் புதையலெனக் கருதி வார்த்திகனைச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுது புலம்ப, கொற்றவை கோயிற் கதவு அடைபட்டது. பிழை உணர்ந்த பாண்டியன் அவனை விடுத்துத் தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளித்தான். கதவு தானே அடைபட்டதும் தொன்மமே. எனினும் புதையல் யாருக்குரியது, கொடை பெற்றவனைக் காப்பது யார் என்னும் உண்மையான வழக்குகள் அதனுள் உள்ளன. மலைக்கதையில் அத்தகைய வழக்கு ஒன்றும் இல்லை. தீர்ப்பில் தோற்ற மரத்தின் துயரமே உளது.

இதனால் மலைக்கதை பயனற்றது என்பது எம் கருத்தன்று. 'கால்' என்பதன் பொருள் மறைந்த பின்னரே 'தங்குதல்' அதன் இடத்தைப் பற்றியிருத்தல் கூடும். அங்ஙனமாயின், நீர்க்கால் வளத்தால் பெயர் பெற்ற ஊர் அவ்வளத்தை மறந்தமைக்கு அக்கதையே சான்றாகின்றது. ஊர் தான் மறந்ததை அறியாமலே கதையில் பொதிந்து வைத்துள்ளது.

மறைந்த நகரங்களைப் பற்றிய மரபுகளையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். தென்மதுரையும் கபாடபுரமும் கடலுள் மறைந்தன என்னும் செய்தியை இறையனார் களவியல் உரை தருகின்றது. இதே மாவட்டத்தில் வைப்பாற்றங்கரையிலுள்ள வெம்பக்கோட்டை அகழாய்வு, 2022 முதல் சங்கு வளையல்களையும் கண்ணாடி மணிகளையும் சுடுமண் பொருள்களையும் வெளிப்படுத்தியது. அவை பழைய கைத்தொழிலுக்குச் சான்றுகள். கடல்கொண்ட நகரங்களுக்குச் சான்றுகள் ஆகா. மண்ணின் சான்றை உரையின் சான்றோடு கலந்து ஒன்றாக்கின் இரண்டும் கெடும்.

திருத்தங்கல் 2021-இல் சிவகாசி மாநகராட்சியுடன் இணைந்தது. ஊர் தனியாட்சி இழப்பினும் பெயர் நிலைத்தல் வேண்டும். ஊர்தோறும் கதை தொகுக்கும் மாணாக்கர், கதையை எழுதிக்கொள்ளுமுன் ஊர்ப்பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதிக்கொள்வாராக. கதை மறைத்ததைப் பெயர் காட்டும்.