சுவடியியல் கற்பித்தலில் செய்முறைப் பயிற்சி

சுவடியியல் விரிவுரையாக மட்டும் கற்பிக்கப்படுமாயின் அதன் பயன் தேர்வுத்தாளோடு முடிந்துவிடும். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளி பெறுவதில்லை. ஒகர ஓகாரங்கள் வடிவால் வேறுபடுவதில்லை. இவ்விதிகளை மாணவர் மனனம் செய்வர். ஆயின், ‘கொல’ என்னும் ஏட்டு வடிவம் கொல, கொல், கோல, கோல் என நால்வகையாகப் படிக்கத்தக்கது என்பதை, ஏட்டைத் தாமே பெயர்த்தெழுதும்போதுதான் உணர்வர். இவற்றுள் ‘கொல’ நிரையசை. யாப்பு அதனைப் பிரித்துக்காட்டும். ‘கொல்’, ‘கோல்’ இரண்டும் நேரசை. அவற்றைப் பொருளே பிரிக்கும். இங்ஙனம் பாடம் தேர்கையில் இலக்கணம் கருவியாகிறது. உ.வே. சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு (1894) பல ஏடுகளை ஒப்பிட்டே உருவானது. ஏடுகள் நொய்யன என்னும் தடையும் மின்படிகளால் வலுவிழந்துள்ளது. இப்பயிற்சி வகுப்பறைக்கு வாராதாயின், ஏடுகள் எஞ்சினும் அவற்றைப் படிப்போர் எஞ்சார்.