யாருடைய வீடு? யாருடைய காதல்?

ஜான் ஷ்லெசிங்கரின் 'எ கைண்ட் ஆஃப் லவ்விங்' (1962) படத்தை ரெண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை விக் பக்கம் நின்று பார்த்தேன். ரெண்டாவது தடவை அப்படி நிற்க முடியவில்லை. ஏன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

வடக்கு இங்கிலாந்தின் ஆலை நகரம். விக், ரயில்வே தொழிலாளியின் மகன். ஆலையில் வரைபடம் போடுகிறவன். அதே ஆலையில் தட்டச்சு செய்கிறவள் இங்க்ரிட். அவள் உடம்பு அவனுக்கு வேண்டியிருக்கிறது. அவள் பேச்சு சலிக்கிறது. அவள் கர்ப்பமானதும் கல்யாணம். தனி வீடு இல்லை, மாமியார் வீட்டில்தான் குடித்தனம்.

மாமியாருக்குத் தொழிலாளி என்றாலே இளக்காரம். ஒரு ராத்திரி விக் குடித்துவிட்டு வந்து அவள் வீட்டுக் கூடத்திலேயே வாந்தியெடுக்கிறான். அசிங்கம் பிடித்தவன் என்று கத்துகிறாள். அசிங்கம் வாந்தியில் மட்டுமில்லை, அவன் வந்த தெருவிலேயே இருக்கிறது என்பது அவள் கணக்கு. இந்தக் கணக்கு நமக்குப் புதுசில்லை. மூல நாவலை (1960) எழுதிய ஸ்டான் பார்ஸ்டோ சுரங்கத் தொழிலாளியின் மகன். தானும் வரைபட வேலை பார்த்தவர். பட்டவர் எழுத்து என்பது தெரிகிறது.

ஆனால் இன்னொரு காட்சி. ஆணுறை வாங்க மருந்துக்கடைக்குப் போகிற விக், அங்கே ஒரு பெண் நிற்பதைக் கண்டு கூசி, வேறெதையோ வாங்கிக்கொண்டு திரும்புகிறான். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் கூச்சத்துக்கு விலை கொடுத்தது யார்? கருக்கலைப்புக்கு வழிவிட்ட சட்டம் அந்நாட்டில் 1967இல்தான் நிறைவேறியது. பிறகு இங்க்ரிட் மாடிப்படியில் விழுகிறாள், கரு கலைகிறது. அவள் மனசில் என்ன ஓடியது? காமிரா பெரும்பாலும் விக்கின் பின்னாலேயே போகிறது.

வீட்டை விட்டு வெளியேறியவனுக்குக் கூடப்பிறந்தவளே பரிந்து பேசவில்லை. கடைசியில் ரெண்டு பேரும் தனியாக இருக்க ஒரு சின்ன இடம் தேடுகிறார்கள். காதலுக்கும் ஒரு கூரை வேண்டும் என்று சொன்ன அளவில் படம் நேர்மையானது.

அதே வருஷம் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது கிடைத்தது. உழைக்கும் வர்க்கத்தின் படம் என்கிறார்கள். சரி. இங்க்ரிட்டும் சம்பளத்துக்கு உழைத்தவள்தானே? வர்க்கம் என்னும்போது அவள் எங்கே போகிறாள்?

அவமானப்பட்டவன் தன் கதையைச் சொல்லத்தான் வேண்டும். அவனால் அவமானப்பட்டவளும் பேசும்போதுதான் அது முழுச் சாட்சியம்.