கறிக்கடையில் ஓர் உடற்கூறு

புதுவயல் கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலை கொஞ்ச நேரம் நின்றால் போதும், உடலின் உள்ளே இருப்பவை பெயரோடு மனதில் பதிந்துவிடும். ஈரலை எடுக்கும்போது மட்டும் கடைக்காரரின் கை நிதானமாகும். அதன் அடியில் ஒட்டியிருக்கும் பித்தப்பை கிழிந்தால் பச்சை நீர் பரவி ஈரலே கசந்துபோகும். கொழுப்பைச் செரிக்க உதவும் நீர் அது. ஈரல் சுரந்து அந்தப் பையில் சேர்த்துவைக்கிறது.

நுரையீரல் தண்ணீரில் மிதக்கும், உள்ளே காற்று தங்கியிருப்பதால். மூச்சுக்குழலைத் தடவினால் குருத்தெலும்பு வளையங்கள் விரலில் தட்டுப்படும். பின்பக்கம் வளையம் மூடாமல் மெத்தென்று இருக்கும். நம் கழுத்திலும் இதே அமைப்புதான். இதயத்துக்கு நான்கு அறைகள், ஆட்டுக்கும் நமக்கும். வித்தியாசம் இரைப்பையில்: ஆட்டுக்கு நான்கு அறைகள், நமக்கு ஒன்று.

எனக்கு ரொம்பப் பிடித்தது சுவரொட்டி. பாடப்புத்தகத்தில் அது மண்ணீரல். கருஞ்சிவப்பாக, தட்டையாக, தொட்டால் வழுக்கும். நம் உடலில் சுமார் 120 நாள் ஓடித் தேய்ந்த சிவப்பணுக்களை வடிகட்டி எடுப்பதில் அதற்குப் பெரும்பங்கு. அவற்றின் இரும்பு மறுபடி எலும்பு மஜ்ஜைக்குப் போய்ப் புது ரத்தமாகிறது. ரத்தம் குறைந்தவர்களுக்கு மிளகு தட்டிப்போட்டு இதைத்தான் வதக்கிக் கொடுக்கிறார்கள். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால், முதலில் தீர்ந்துபோவதும் இதுவே.