ளாதின் இரு தடங்கள்

தமிழில் வழங்கும் அரபுச் சொற்களைத் தொகுத்துத் தரும் கட்டுரைகளுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. மாநாட்டு மலர், கல்லூரி ஆண்டு மலர், மீலாது சிறப்பிதழ் எதைப் புரட்டினும் ஒன்று அகப்படும். வசூல், வாரிசு, ரத்து, பாக்கி, அசல், நகல் என நீளும் பட்டியல். ஈற்றில் ஓர் எண்ணிக்கை. அதன் பின் ஒரு பெருமிதம். சொல் எந்த வழியாக வந்தது, வரும் வழியில் அதற்கு என்ன நேர்ந்தது என்பன பற்றி ஒரு வரியும் இராது. அகராதி, மூலமொழியைச் சுருக்கக் குறியால் காட்டி நிற்பது அதன் கடமைக்குப் போதுமானது. கட்டுரையாளருக்கு அது போதாது.

'தகராறு' என்பதையே எடுத்துக்கொள்வோம். 'தக்ரார்' என்றால் அரபியில் மீளச் சொல்லுதல். நம் மதரஸாக்களில், பாடம் முடிந்தபின் மாணவர் வட்டமாக அமர்ந்து அதனைத் தமக்குள் மீண்டும் ஓதிப் பார்ப்பதற்கு இன்றும் தக்ரார் என்றே பெயர். பாரசீக, உருது வழக்கில் அது சொற்போராயிற்று. தமிழ்த் தெருவில் கைகலப்பாகவும் முடிகிறது. (சில மாணவர்களின் தக்ராரில் மூன்று பொருளும் ஒருங்கே அமைவதுண்டு.)

ஆயின் பட்டியல்கள் முற்றிலும் தவறவிட்ட செய்தி ஒன்றுண்டு. அது 'ளாத்' என்னும் ஓர் எழுத்தில் அடங்கியுள்ளது. அரபியர் தம் மொழியையே 'ளாதின் மொழி' என அழைத்துக்கொள்ளும் அளவு அவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட எழுத்து அது. தமிழில் அதற்கு இரண்டு முகங்கள்.

முதல் முகம் 'ஜ'. ஆஜர், ஜாமீன், மகஜர், அர்ஜி ஆகிய நான்கிலும் மூலத்தில் இருப்பது ளாதே. பாரசீக நாவில் அது 'z' ஒலியாகி, நவாபுகளின் அலுவலகங்கள் வழியும் பின்னர் கும்பினியார் நீதிமன்றங்கள் வழியும் தமிழில் 'ஜ' எனப் புகுந்தது. இவ்வரிசையில் மிக அழகிய சொல் ஜில்லா. அதன் மூலமான 'ளில்உ' என்பதற்கு விலா எலும்பு என்பது பொருள். அதிலிருந்து பக்கம், நாட்டின் ஒரு பகுதி என விரிந்தது. செங்கற்பட்டு ஜில்லா என எழுதிய குமாஸ்தா, தாம் ஒரு விலா எலும்பைக் குறிப்பிடுவதாக எண்ணியிருக்கமாட்டார்.

இரண்டாம் முகம் 'ள'. பர்ளு, உளூ, ஹவுளு, ரமளான் ஆகியன அத்தகையவை. இலங்கையில் 'ரமழான்' என ழகரம் பெறும். நீதிபதியைக் குறிக்கும் சொல் அரசு வழக்கில் 'காஜி'. கடற்கரையூர்களின் பழைய வழக்கில் 'காழி'. இவை அரசவை வழியே வந்தவை அல்ல. வணிகரோடும் மார்க்க அறிஞரோடும் கடல்வழி வந்தவை. நமாஸ், ரோஜா என்னும் பாரசீகச் சொற்களுக்கு இடங்கொடாமல் தொழுகை, நோன்பு எனத் தமிழாலேயே பெயரிட்ட சமூகம், அரபுச் சொற்களையும் பாரசீகத்தின் துணையின்றியே பெற்றது என்பது இதனால் விளங்கும்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் இவ்விரு தடங்களும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. தோல் தொழிலை ஒட்டி வடஆர்க்காட்டிலிருந்து வந்த உருதுக் குடும்பங்களும், தென்கரையிலிருந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் ஒரே பள்ளிவாசலில் தொழுகின்றன. அறிவிப்புப் பலகையில் ரம்ஜான், ரமலான், ரமளான் என மாதம் ஆண்டுக்கொரு வடிவம் கொள்கிறது. வளைகுடாவிலிருந்து திரும்பியோர் 'ரமதான்' என்பர். இவற்றுள் 'ரமளான்' என்பதே நாட்டுப்புறத்தாரின் நாப்பிழை என்னும் எண்ணம் படித்தவரிடையே பரவி வருகிறது. சிறுவர்கள் தம் பாட்டிமாரைத் திருத்துகின்றனர்.

இத்திருத்தத்திற்கு ஆதாரம் யாது? 8ஆம் நூற்றாண்டின் இலக்கண மேதை சீபவைஹி தம் 'அல்கிதாப்' நூலில் ளாதின் பிறப்பிடத்தை நாவின் ஓரம், கடைவாய்ப் பற்களின் பக்கம் என வரையறுத்தார். 1429இல் மறைந்த இமாம் இப்னுல் ஜஸரியும் அவ்வாறே கூறுகிறார். அஃதாவது அது நாவின் பக்கவாட்டில் பிறந்த ஒலி. லகர, ளகர இனத்துக்கு உறவினது. இன்றைய அரபியர் பலர் ஒலிக்கும் அழுத்தமான 'த' பிற்கால மாற்றம். தென் அரேபியாவின் மஹ்ரி மொழியில் அப்பக்க ஒலி இன்றும் உயிரோடுள்ளது. ஆண்டலூசியாவின் 'அல்காளி'யை ஸ்பானியர் 'அல்கால்தே' எனக் கேட்டனர். லகரம் அங்கும் தங்கியது. 1492இல் கிரானடா வீழ்ந்த பின்னரும் நகரத் தலைவருக்கு அதுவே பெயராக நிலைத்தது. கிழக்கே மலாய் மொழியில் 'தேவை' என்பதற்குரிய அன்றாடச் சொல் 'பெர்லு'. அது நம் பர்ளுவே. மனமொப்புதலைக் குறிக்கும் 'ரெலா', ரிளா என்பதன் திரிபு.

தமிழ் ளகரமும் சீபவைஹியின் ளாதும் முற்றும் ஒன்றே என்பது நம் வாதமன்று. திருமறை ஓதுகையில் தஜ்வீத் விதிப்படி ஆசிரியரிடம் கேட்டுப் பயில்வதே முறை. அங்குத் தமிழ் ளகரம் போதாது. தமிழில் பேசும்போதும் எழுதும்போதும் 'ரமளான்' என்பதை விலக்குதற்கு மொழியியல் காரணமோ மார்க்கக் காரணமோ இல்லை என்பதே நம் முடிவு. திருத்தப்படும் பாட்டியின் ஒலி, திருத்தும் பேரனின் ஒலியைவிட சீபவைஹிக்கு அணுக்கமானது.

அடுத்த மலருக்குப் பட்டியல் தயாரிக்கும் அன்பர்கள், ஆஜரையும் ஜாமீனையும் மீண்டும் ஒருமுறை எண்ணுமுன், ஹவுளின் கரையில் அமர்ந்து உளூச் செய்யும் முதியவர்களிடம் சற்றுச் செவிசாய்க்கலாம். ஹைளு, ஹிள்ரு நபி, ரிள்வான் என அவர்கள் நாவில் ளாத் உள்ள சொற்கள் இன்னும் பல உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை நாம் பார்த்த எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.