கோட்டுக்கு மேலே காற்று

ஹேண்ட்பால் ஆட்டத்தின் அழகு அதன் விதிகளிலிருந்தே பிறக்கிறது. கோலைச் சுற்றி 6 மீட்டர் தொலைவில் வளைந்தோடும் கோட்டுக்குள் கோல்கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. ஆனால் அந்தத் தரைக்கு மேலுள்ள காற்றுக்குத் தடையில்லை. கோட்டுக்கு வெளியே உதைத்தெழுந்து, கால் தரைதொடும் முன் பந்தை எறிந்துவிட்டால் போதும். அந்தச் சலுகையை நம்பித்தான் ஓரத்து ஆட்டக்காரர் மூலையிலிருந்து பாய்ந்து, உடலைப் பக்கவாட்டில் நீட்டி, கோல்கீப்பர் அசையும்வரை பந்தை விடாமல் அந்தரத்தில் பொறுத்திருக்கிறார். பிசின் ஒட்டிய விரல்களும் மணிக்கட்டும் கடைசிக் கணத்தில் சுழல, பந்து தரையில் மோதித் திசைமாறி உள்ளே நுழைகிறது.

பந்தோடு 3 காலடி, கையில் 3 நொடி என்பது கஞ்சத்தனம் என்று தோன்றலாம். தட்டிக்கொண்டு ஓடலாம், ஆனால் ஒரு கையாலோ இரு கைகளாலோ பிடித்துவிட்டால் மறுபடி தட்ட முடியாது. இந்த நெருக்கடி இல்லாவிட்டால் பலசாலி ஒருவரே பந்தை அணைத்துக்கொண்டு முட்டி மோதுவார். நெருக்கடியால்தான் பந்து ஓயாமல் கைமாறுகிறது. காலணிகளின் கிறீச்சொலியில் மூன்றடித் தாளம் கேட்கிறது. முரட்டு ஆட்டம் என்பாரும் உண்டு. நேருக்கு நேர் நின்று மறிப்பதை விதி ஏற்கிறது. எறியும் கையைப் பின்னாலிருந்து இழுப்பதைத் தண்டிக்கிறது. அடுத்தமுறை இந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது, பந்தை விட்டுவிட்டு எறிபவரின் கால்களைக் கவனியுங்கள்.