சார்வென்காவைக் கேட்டிருக்கிறீர்களா?

பியானோ கான்செர்ட்டோ என்றதும் சைக்காவ்ஸ்கியின் முதலாவது, ரக்மானினோவின் இரண்டாவது, ஷூமன், ஷோப்பான், கிரீக் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்கள்தான் எல்லோர் வாயிலும் வரும். அத்தனையும் சொக்கத் தங்கம், மறுப்பே இல்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பியானோ வித்வான்களில் பெரும்பாலோர், ஊர் ஊராகப் போய் ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிப்பதற்குத் தங்களுக்கென்றே கான்செர்ட்டோக்களை எழுதிக்கொண்டவர்கள். அவையெல்லாம் எங்கே போயின? எங்கும் போகவில்லை. ஹைபீரியன் நிறுவனத்தின் ‘ரொமான்டிக் பியானோ கான்செர்ட்டோ’ வரிசையில் இருக்கின்றன. 1991இல் தொடங்கிய இந்த வரிசை 80 தொகுதிகளைத் தாண்டிவிட்டது. ஒலிப்பதிவு உலகில் இதைவிடப் பெரிய, இதைவிட அன்பான ஒரு காரியம் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை!

ஹைபீரியனை 1980இல் லண்டனில் தொடங்கிய டெட் பெரி, ஆரம்ப நாட்களில் வாடகைக் கார் ஓட்டிக் கம்பெனியைக் காப்பாற்றியவர். விற்குமா விற்காதா என்று பார்த்து முடிவெடுக்கிற ஆள் இல்லை. முதல் தொகுதியிலேயே மாஸ்கோவ்ஸ்கியையும் பாதெரெவ்ஸ்கியையும் ஜோடி சேர்த்தார். பாதெரெவ்ஸ்கி பின்னாளில் போலந்தின் பிரதமரானவர். மாஸ்கோவ்ஸ்கியோ ஒரு காலத்தில் பணத்தில் புரண்டு, கடைசியில் பாரிஸில் வறுமையில் இறந்தவர். அவருடைய ஈ மேஜர் கான்செர்ட்டோவைப் பியர்ஸ் லேன் வாசிப்பதைக் கேளுங்கள். இவ்வளவு குதூகலமான இசையை உலகம் எப்படித்தான் மறந்ததோ! முதல் உலகப் போருக்குப் பிறகு ரசனை மாறியது, எழுதி வாசித்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள், நோட்டுப் புத்தகங்கள் அலமாரிகளில் தூங்கின. தனி பியானோ இசையாக இருந்தால் ஒரே ஒரு ரசிகர் மனம் வைத்து மீட்டெடுத்துவிடலாம். கான்செர்ட்டோவுக்கு முழு ஆர்க்கெஸ்ட்ரா வேண்டும், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாள்கள் வேண்டும், ஒத்திகைக்குக் காசு வேண்டும். அதனால்தான் இந்த வரிசையை நினைத்து எனக்கு இவ்வளவு நன்றி.

இனி 11ஆவது தொகுதி. எமில் ஃபான் சாவரின் முதல் கான்செர்ட்டோ, சேவர் சார்வென்காவின் நான்காவது. பியானோ ஸ்டீபன் ஹஃப், கூடவே பர்மிங்காம் சிட்டி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, நடத்துபவர் லாரன்ஸ் ஃபாஸ்டர். யாருமே வாசிக்காத இரண்டு படைப்புகள் இருக்கும் இந்தத் தட்டைத்தான் கிராமபோன் பத்திரிகை 1996இல் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவாகத் தேர்ந்தெடுத்தது. கேட்டால் ஏன் என்று புரியும். சார்வென்காவின் கடைசிப் பகுதி தாரந்தெல்லா நடையில் பறக்கிறது. ஹஃப்பின் விரல்கள் அந்த வேகத்திலும் ஒரு சுரத்தைக்கூட விழுங்குவதில்லை. சத்தம் கூடும்போது கட்டையை அடிப்பதில்லை, ஒலியைப் பெருக்குகிறார். முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டத் தோன்றும். வீட்டில் தனியாகக் கேட்டாலும்!

லிஸ்ட்டிடம் பயின்ற சாவர் வேறு மாதிரி. அவருடைய கவட்டினா பகுதி சொக்க வைக்கும். மனசு கனத்த ராத்திரிகளில் நான் தேடிப் போவது அதைத்தான்.

ஏழாவது தொகுதியில் அடால்ஃப் ஹென்சல்ட்டின் எஃப் மைனர் கான்செர்ட்டோ இருக்கிறது. 1845இல் லைப்ஸிக்கில் இதை முதலில் வாசித்தவர் கிளாரா ஷூமன். ஹென்சல்ட்டுக்கு மேடை என்றாலே நடுக்கம், வாழ்நாளின் பெரும்பகுதி பொதுக் கச்சேரியே செய்யாமல் பீட்டர்ஸ்பர்க்கில் பாடம் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டார். ஆனால் எழுதியதைப் பாருங்கள்! மெதுவான பகுதியின் உச்சத்தில் பியானோவுக்கு நான்கு வரிசைகளில் நோட்டு எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் ரக்மானினோவ் பிறப்பதற்கு முன்பே ரக்மானினோவின் இசை கேட்கிறது. தொகுதியில் இதை வாசிக்கும் மார்க்-ஆந்த்ரே ஆமலினுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை என்பதுபோல ஒலிக்கிறது. எனக்கோ கேட்கும்போதே விரல் வலிக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது 27ஆவது தொகுதி. சான்-சான்ஸின் ஐந்து கான்செர்ட்டோக்களும் இரண்டு சிடிகளில், மறுபடியும் ஹஃப், நடத்துபவர் சக்காரி ஒராமோ. 2002இல் இதற்கும் அதே கிராமபோன் விருது. இரண்டாவது கான்செர்ட்டோவை அந்த மனிதர் மூன்று வாரத்துக்குள் எழுதி முடித்தார் என்றால் நம்ப முடிகிறதா? ஆர்க்கெஸ்ட்ரா நடத்த வந்த அந்தோன் ரூபின்ஸ்டைனுக்காக 1868இல் அவசரமாக எழுதியது! அதன் ஸ்கெர்ட்ஸோ டிம்பனியின் மெல்லிய தட்டலில் தொடங்கும். அந்தத் தட்டலை ஹஃப் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு ஓடுவது கண்ணில் தெரியும்.

ஐந்தாவது கான்செர்ட்டோவுக்கு ‘எகிப்தியன்’ என்று பெயர். 1896இல் லக்சாரில் தங்கியிருந்தபோது எழுதியது. நைல் நதிப் படகோட்டிகள் பாடக் கேட்ட நூபியக் காதல் பாட்டு இரண்டாம் பகுதியில் வருகிறது. அதே பகுதியில் ஓர் இடம் உண்டு. இடது கை மெட்டைப் பாட, வலது கை வெகு உயரத்தில், மிக மிக மெல்லிசாக, அதே மெட்டை நிழல்போலத் தொடரும். தம்பூரா மீட்டும்போது யாருமே தொடாத காந்தாரம் தந்தியிலிருந்து தானாக எழுந்து வருமே, அதுபோன்ற மேற்சுரங்களை சான்-சான்ஸ் கட்டைகளிலேயே எழுதி வைத்துவிட்டார். அந்தச் சில நொடிகள் பியானோ பியானோவாகவே இல்லை. வலது கை ஒரு துளி அழுத்தினாலும் மாயம் கலைந்துவிடும். ஹஃப் கலைய விடுவதில்லை. இந்த இடத்துக்காக மட்டுமே இந்தத் தட்டை வாங்கலாம் என்பேன். உடனே கடைசிப் பகுதி, அடிக்கட்டைகளில் கப்பல் இயந்திரம் உறுமுவதுபோல் தொடங்கிப் பாய்ந்தோடும்.

ஒரு மணி நேரத்தைத் தாண்டி நீண்டு, இறுதியில் ஆண்கள் கோரஸும் சேரும் புசோனியின் பிரம்மாண்டமான கான்செர்ட்டோவை ஆமலினும் மார்க் எல்டரும் 22ஆவது தொகுதியில் தந்திருக்கிறார்கள். அதற்கென ஒரு மாலையை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

80 தொகுதிகளும் ஒரே தரமா என்றால் இல்லை. ஹென்றி ஹெர்ஸ் போன்றவர்களிடம் விரல் வித்தைதான் முன்னால் நிற்கும். ஆனால் வாசிப்பிலோ ஒலிப்பதிவிலோ நான் கேட்டவரையில் அலட்சியம் என்பதே இல்லை. எட்டிப் பார்த்தவர்கூட இல்லாத ஒரு படைப்பை, நாளையும் உலகம் கேட்கும் என்ற நம்பிக்கையோடு வாசித்திருக்கிறார்கள்.

ஹைபீரியன் வெகுகாலம் ஸ்ட்ரீமிங் பக்கமே வராமல் இருந்தது. 2023இல் யூனிவர்சல் மியூசிக் கைக்குப் போன பிறகு இந்தத் தட்டுகளைச் செல்போனிலேயே கேட்கலாம். தயவுசெய்து 11ஆவது தொகுதியிலிருந்து தொடங்குங்கள். நல்ல ஹெட்ஃபோன், சார்வென்காவின் கடைசிப் பகுதி. அது பிடித்துவிட்டால் அடுத்தது சான்-சான்ஸ்.