நஷ்டஈடு யார் பையிலிருந்து?

'போலீஸ்காரன் மேல கேஸ் போட்டு இன்னா ஆவப்போவுது?' குடியாத்தத்தில் கைலி நெய்கிறவரும் தோல்ஷாப் தொழிலாளியும் ஒரேமாதிரி சொல்கிற இவ்வாக்கியத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. சட்ட வரலாறே பெருமளவு அதன் பக்கம்தான் நிற்கிறது.

1947 செப்டம்பரில், நள்ளிரவில், மீரட் கடைவீதியில் அமிர்தசரஸ் வியாபாரி ஒருவரைச் சந்தேகத்தின்பேரில் பிடித்துச் சோதனை போட்டார்கள். நூறு தோலாவுக்கு மேல் தங்கம், கூடவே வெள்ளி. ஜாமீனில் வந்தவருக்கு வெள்ளி திரும்பக் கிடைத்தது. தங்கத்தை, அதற்குப் பொறுப்பாயிருந்த ஏட்டே சுருட்டிக்கொண்டு பாகிஸ்தான் போய்விட்டார். இதுதான் கஸ்தூரிலால் வழக்கு. கைதும் பறிமுதலும் இறையாண்மைப் பணி, அதில் ஊழியர் செய்த தவறுக்கு அரசு ஈடு தரவேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம் (1964). சட்டம் திருத்தப்படவேண்டும் என்று நீதிபதிகளே ஆதங்கப்பட்டார்கள். நாடாளுமன்றம் இன்றுவரை அசையவில்லை. சோதனை போடும்போது ஏட்டுக்குக் கையுண்டு, லத்தியுண்டு. வழக்கென்று வந்ததும் அவர் 'இறையாண்மை' என்ற சொல்லுக்குள் கரைந்துவிடுகிறார்.

ருதுல் ஷா (1983), நீலாபதி பெஹரா (1993), டி.கே. பாசு (1996) வழக்குகள் இச்சுவரில் ஓட்டை போட்டன. அடிப்படை உரிமை மீறப்பட்டால் இறையாண்மை என்று அரசு ஒளிந்துகொள்ள முடியாது. நல்லதுதான். ஆனால் பணம் வருவது கஜானாவிலிருந்து, அதாவது அடிபட்டவனும் கட்டிய வரியிலிருந்து. அமெரிக்காவில் 1871-ஆம் வருஷச் சட்டப்படி அதிகாரியைப் பெயர் சொல்லியே வழக்குப் போடலாம். அங்கும் பெரும்பாலும் பணம் கட்டுவது நகராட்சிதான்.

2015 ஜூனில், பள்ளிகொண்டா போலீஸ் விசாரணைக்கு அழைத்துப்போன ஆம்பூர் இளைஞர் பிறகு இறந்தபோது, ஜனங்கள் கோர்ட்டை நம்பிக் காத்திருக்கவில்லை, தெருவுக்கு வந்தார்கள். கலவரமானது. மேற்சொன்ன வாக்கியத்தின் இன்னொரு வடிவமாகவே அதை வாசிக்கத் தோன்றுகிறது.

வாச்சாத்தியில் இந்த இலக்கணம் கொஞ்சம் மாறியது. 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே செத்துப்போனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது தர்மபுரி நீதிமன்றம் (2011). சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் அதை உறுதிசெய்தபோது, வல்லுறவுக்குள்ளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் தரச்சொல்லி, அதில் பாதியை வல்லுறவுக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்கச் சொன்னது. பணம் இங்கே ஆளைத் தேடிப் போகிறது. ஆனால் இது குற்ற வழக்கின் வழியே, முப்பத்தோரு வருஷம் கழித்து வந்தது. அதிகாரியைப் பெயரோடு பிரதிவாதியாக்கிச் சிவில் வழக்குப் போடுவதற்கு, கேட்கிற தொகைக்கேற்ப கோர்ட் ஃபீஸை முதலில் எடுத்துவைக்கவேண்டும். அது தறிக்காரரின் பையிலிருந்து.